ஆற்றோடு போன மணிக்கூடும் நாமே கடைந்த பின்களும்

கோடை வந்தால் பேர்ண் நகரத்தில் பாதிச் சனம் ஆரே ஆற்றுக்குள்தான் இருக்கும். மார்சிலி நீச்சல் இடத்திலிருந்து கரையோரமாக மேலே நடந்துபோய், ஆற்றில் இறங்கி, ஓட்டத்தோடு மிதந்து வந்து மறுபடி மார்சிலியில் கரையேறுவார்கள். எமது பிள்ளைகளும் இதை நன்றாகப் பழகிவிட்டார்கள். 2009 ஆம் ஆண்டு ஆடி மாதம் அவர்களோடு நானும் இறங்கினேன். கரையேறுவதற்காகக் கம்பியை எட்டிப் பிடித்தபோது மணிக்கட்டில் ஏதோ தட்டியது போலிருந்தது. மேலே வந்து பார்த்தால் வெயில் படாத வெள்ளைத் தோல் மட்டும் இருந்தது. மணிக்கூடு போய்விட்டது. ஆரே ஆற்றின் ஓட்டத்தை அறிந்தவர்களுக்கு, அதைத் தேடுவதில் பயனில்லை என்பதும் தெரியும்.

அது 1998 இல் அத்தான் துபாயிலிருந்து வாங்கி அனுப்பியது. செய்கோ நிறுவனத்தின் எஸ்.கே.எக்ஸ். 007 என்ற சுழியோடிகளுக்கான மணிக்கூடு. 200 மீற்றர் ஆழம் தாங்கும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஊரிலிருந்து வந்த பொருட்களில் அநேகமானவை முகாமுக்கு முகாம் மாறியதில் தொலைந்துபோக, இங்கு வந்தபின் கைக்கு வந்த முதல் நல்ல பொருள் அதுதான். அத்தான் இப்போது இல்லை.

மணிக்கூட்டில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு கடையில் பட்டி மாற்றியிருந்தேன். (எந்தக் கடை என்பது இங்கு வேண்டாம்.) பழைய றப்பர் பட்டியையும் பழைய பின்களையும் ஒரு சிறிய பையில் போட்டுத் தந்திருந்தார்கள். அந்தப் பின்களை அளந்தால் 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. அதே புதிய பட்டியைப் பிறகு கடை யன்னலில் பார்த்தேன். அதன் துளை 1.8 மில்லிமீற்றருக்கு மேல் எதையும் ஏற்காது. ஆகவே கடைக்காரர் மெல்லிய பின்னைப் போட்டே அனுப்பியிருக்கிறார். பெரிய துளைக்குள் சிறிய முனை ஆடிக்கொண்டிருந்து, கம்பியைப் பிடித்து இழுத்த ஓர் உதறலில் கழன்றுவிட்டது.

பின் என்றால் என்ன?

மணிக்கூட்டின் உடலிலிருந்து பட்டியைப் பிடிப்பதற்கு இருபக்கமும் இரண்டிரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுகளுக்கிடையே குறுக்காக இருக்கும் சிறிய கம்பியைத்தான் பின் என்கிறோம். ஆங்கிலத்தில் ஸ்பிறிங் பார். இங்குள்ள ஜேர்மன் மொழிக் கடைகளில் ஃபெடர்ஸ்ரேக் என்று கேட்டால் உடனே விளங்கும். பார்க்கக் கம்பி போல இருந்தாலும் அது ஒரு குழாய். உள்ளே சுருள் ஸ்பிறிங் இருக்கிறது. இரு முனைகளிலும் அமுக்கினால் உள்ளே போய், விட்டால் வெளியே வரும் இரண்டு சிறு முளைகள். அந்த முளைகள் காதுத் துளைகளுக்குள் புகுந்து நிற்கும். சில மணிக்கூடுகளில் துளை காதை ஊடறுத்து வெளியே தெரியும். சிலவற்றில் உட்பக்கம் மட்டும் இருக்கும்.

முழு மணிக்கூடும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள நான்கு முளைகளில் தொங்குகிறது. இதை அறிந்தபின் எனக்குப் பல நாள் மற்றவர்களின் கையைப் பார்த்தாலே அந்தரமாக இருந்தது.

சாதாரண மணிக்கூடுகளில் பின் 1.5 அல்லது 1.8 மில்லிமீற்றர். செய்கோவின் சுழியோடி மணிக்கூடுகள் பலவற்றில் 2.5. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் தானே என்று நினைக்கக்கூடாது. வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. திண்மக் கம்பியென்றால் 1.5 இலிருந்து 2.5 க்குப் போகும்போது பலம் நாலரை மடங்கைத் தாண்டிவிடும்.

இராணுவங்கள் இதை முன்னரே உணர்ந்திருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய இராணுவத்துக்கென்று செய்யப்பட்ட கைமணிக்கூடுகள் பலவற்றில் ஸ்பிறிங்கே கிடையாது. காதுகளுக்கிடையே கம்பியை நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். 1953 இல் இரண்டு பெரிய சுழியோடி மணிக்கூடுகள் உருவாகின. ஒன்று றொலெக்ஸின் சப்மரீனர். மற்றது பிளாங்பான் நிறுவனத்தின் ஃபிஃப்ரி ஃபாதம்ஸ். பிரெஞ்சுப் படையின் நீர்மூழ்கி வீரர்களான றொபேர் மலூபியே, குளோட் றிஃபோ ஆகியோரின் தேவைக்கு ஏற்ப அமைந்தது இது. 1970களில் பிரித்தானியக் கடற்படைச் சுழியோடிகளுக்குக் கொடுக்கப்பட்ட சப்மரீனர்களிலும் நிரந்தரக் கம்பிதான். 2021 இல் ரியூடர் நிறுவனம் பிரெஞ்சுக் கடற்படையுடன் சேர்ந்து வெளியிட்ட பெலாகொஸ் எஃப்.எக்ஸ்.டி. யிலும் கம்பியும் உடலும் ஒரே உலோகத் துண்டு.

நிரந்தரக் கம்பியில் பட்டியைக் கீழாலே கோர்த்துத்தான் எடுக்கவேண்டும். 1973 இல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு இதற்கென்றே சாம்பல் நிற நைலோன் பட்டிக்கு விதி எழுதியது. இன்று நேற்றோ பட்டி என்று விற்பது அதன் வழிவந்ததுதான். ஸ்பிறிங் பின் உள்ள மணிக்கூட்டிலும் இந்தப் பட்டியைக் கோர்க்கலாம். ஒரு பின் கழன்றாலும் மற்றப் பின்னில் மணிக்கூடு தொங்கும். 2009 இல் எனக்கு இது தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது.

சுழியோடி மணிக்கூடுகளுக்கு உலகத் தர அமைப்பின் விதியொன்றும் உண்டு. 1982 இல் முதலில் வந்த ஐ.எஸ்.ஓ. 6425. அதன்படி பட்டி பொருத்தும் இடங்களை எதிரெதிர்த் திசையில் 200 நியூற்றன் விசையால் இழுத்துப் பார்க்கவேண்டும். கிட்டத்தட்ட 20 கிலோ நிறை. ஆனால் சுழியோடி மணிக்கூட்டின் தோற்றத்தில் வருவதெல்லாம் இந்தச் சோதனைக்கு உட்பட்டதல்ல.

மருமகனின் மணிக்கூடு

அக்காவின் மகன் தொழிற்பயிற்சி எடுக்கத் தொடங்கி, முதல் ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு மணிக்கூடு வாங்கினான். 1960களின் பாணியில் இப்போது செய்யப்படும் சுழியோடி மணிக்கூடு. அழகானதுதான். காதிடைவெளி 20 மில்லிமீற்றர். கழற்றிப் பார்த்தால் 1.5 மில்லிமீற்றர் பின். “மாமா, இதோட ஆரேக்குள்ள இறங்கலாமோ?” என்று கேட்டான். இறங்காதே என்று சொல்ல வாய் வந்தது. அவன் படிப்பதோ உலோகம் கடையும் வேலை. “நாங்களே செய்வம்” என்றேன். அவனுடைய மேற்பார்வையாளரும் வேலை முடிந்தபின் சிறிய கடைசல் இயந்திரத்தைப் பாவிக்க அனுமதி தந்தார்.

முதலில் அளவு. காதுத் துளையை அளக்க மெல்லிய துளையிடும் ஊசிகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தோம். 1.0 மில்லிமீற்றர் போனது, 1.1 போகவில்லை. கடையிலிருந்து வந்த பின்னின் முளையோ 0.8. துளையைப் பெரிதாக்கித் தடித்த பின் போடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கூட்டை வெட்டினால் திருப்பி ஒட்ட முடியாது. பின் பிழைத்தால் இன்னொன்று செய்யலாம். 2.5 தடிப்பும் சரிவரவில்லை. துளை உடலுக்குக் கிட்ட இருந்தபடியால் பட்டி உடலில் முட்டியது. ஆகவே குழாய் 2.0, முளை 0.95 என்று தீர்மானித்தோம். குழாயின் பலம் இரு மடங்குக்கு மேலாகிறது. முளையின் வெட்டுமுகமும் நாற்பது வீதம் வரையில் கூடுகிறது.

316 எல் என்ற துருப்பிடிக்காத உருக்கில் வெளிவிட்டம் 2.0, உள்விட்டம் 1.2 உள்ள குழாய் எடுத்தோம். முளையைத் தனியாகக் கடையவேண்டும். அதில் நான்கு பகுதிகள். குழாய்க்குள் வழுக்கிப் போகும் 1.15 தடிப்பான அடிப்பகுதி, பிறகு 0.95 கழுத்து, வெளியே கருவியின் கவர் பிடிப்பதற்கு ஒரு தோள், கடைசியில் துளைக்குள் போகும் 0.95 நுனி. இத்தனையும் ஒரு நெல்மணி நீளத்துக்குள். ஸ்பிறிங் புதிதாகத் தேடவில்லை. பழைய 1.8 பின்களின் தலையை அரத்தால் அறுத்தால் உள்ளிருப்பது வரும்.

குழாயின் ஒரு பக்கத்தில் முளையை விட்டு, குழாயைச் சுழலவிட்டுக்கொண்டே மினுக்கிய மொட்டைக் கருவியால் வாயை மெதுவாக அமுக்கினால், வாய் ஒடுங்கிக் கழுத்தைச் சுற்றி வரும். தடித்த அடிப்பகுதி இனி வெளியே வராது. பிறகு ஸ்பிறிங், அடுத்த முளை. இரண்டாவது வாயை ஒடுக்கும்போது ஸ்பிறிங்குக்கு எதிராக முளையை உள்ளே பிடித்திருக்கவேண்டும். இதற்கு மூன்று கை வேண்டும். எம்மிருவருக்கும் நான்கு இருந்தும் போதவில்லை. முதல் பின்னில் வாயை அதிகமாக ஒடுக்கி முளை இறுகிவிட்டது. இரண்டாவதில் ஒடுக்கியது போதாமல் முளை பாய்ந்து மருமகனின் பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. மூன்றாவதும் பழுது. நாலாவது சரிவந்தது.

நீளத்தில் இரண்டு விடயம் பார்க்கவேண்டும். விட்டபோது முளைகள் துளையின் அடி வரைக்கும் போகவேண்டும். அமுக்கும்போது ஒரு முளை குறைந்தது துளையின் ஆழத்துக்காவது உள்ளே ஒடுங்கவேண்டும். முன்னையது பிழைத்தால் கழன்று விழும். பின்னையது பிழைத்தால் பூட்டவே முடியாது.

பூட்டுமுன் பரிசோதித்தோம். உருக்குத் துண்டொன்றில் 20 மில்லிமீற்றர் இடைவெளி வெட்டி, 1.0 துளை போட்டு, பின்னை மாட்டி, பட்டித் துண்டில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டோம். 10 கிலோ மூட்டை ஒன்றிலேயே கடைப் பின் வளைந்து கழன்றது. எங்களுடையது இரண்டு மூட்டையையும் தாங்கியது. கழற்றிப் பார்க்கையில் நடுவே மயிரிழை வளைவு தெரிந்தது, முளை அசையவில்லை. இது ஆய்வுகூடச் சோதனை அல்லத்தான். அக்காவுக்கு அரிசி கொட்டுமே என்ற கவலை. அந்தப் பின்னை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டு செய்து மணிக்கூட்டில் பூட்டினோம்.

பூட்டும் முறை

கடைசல் இயந்திரம் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் பின்னை மாற்றுவதை எவரும் வீட்டில் செய்யலாம். கவர் முனையுள்ள சிறு கருவி வேண்டும். காதுகளின் உட்பக்கத்தில் ரேப் ஒட்டுங்கள், கீறு விழாது. மணிக்கூட்டையும் கைகளையும் ஒரு பெரிய கண்ணாடிப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்துச் செய்தால் பாயும் பின் சோபாவுக்கடியில் போகாது. ஒரு முளையைத் துளையில் வைத்து, மற்றதைக் கவரால் அமுக்கிக் காதின் உட்பக்கமாக வழுக்கிக் கொண்டுவாருங்கள். துளை வந்ததும் ‘டிக்’ என்று கேட்கும். கேட்காவிட்டால் பூட்டுப்படவில்லை. கேட்டபின்னும் பட்டியை இரு கையாலும் பலமாக இழுத்து, பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள்.

கடையில் மாற்றக் கொடுப்பவர்கள், பின்னின் தடிப்பு என்னவென்று கேட்டு, பழைய பின்னோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் காசைக் கொடுங்கள். தடித்த பின்னுக்கான மணிக்கூட்டுக்குத் தடித்த துளையுள்ள பட்டியே வாங்கவேண்டும். கடலில் குளிப்பவர்கள் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். உப்பும் மணலும் முளையை அரம்போல் தேய்க்கும். வருடத்துக்கொருமுறை கழற்றி, முளையில் தேய்ந்த பள்ளமோ துருவோ தெரிந்தால் இரண்டு பின்னையும் சேர்த்தே மாற்றுங்கள். சில பிராங்குகள்தான்.

மருமகன் போன கோடையில் ஆரேயில் பலமுறை இறங்கினான். ஐப்பசியில் பின்களைக் கழற்றி உருப்பெருக்கியால் பார்த்தோம். ஒன்றின் தோளில் கருவி பட்ட கீறல் மட்டும் இருந்தது. துடைத்து அதையே திரும்பப் பூட்டினோம்.