வெள்ளையம்பலத்துப் புகைக்கருவி

திருவனந்தபுரத்தில், கவடியார் அரண்மனையை நோக்கிச் செல்லும் இராஜபாதை தொடங்குகிற வெள்ளையம்பலம் பகுதியில், ஆல்தரா சந்திப்பிலே பாரத ஸ்டேட் வங்கியின் ஏடிஎம் ஒன்று இருந்த சிற்றறைக்குள், 2016-ஆம் ஆண்டில், உல்லாசப் பிரயாணிகளாக வந்து விடுதிகளில் தங்கியிருந்த ருமேனிய நாட்டவர் சிலர் நுழைந்து, தீப்பற்றினால் எச்சரிக்கும் புகைக்கருவி போன்ற தோற்றமுடைய ஒரு சாதனத்தை மேற்கூரையில் பொருத்திவிட்டுச் சென்றார்கள். அதைக் கண்டு எவரும் ஐயுற்றதாகத் தெரியவில்லை. பொது இடங்களின் கூரையில் இருக்கும் இத்தகைய கருவிகள் யாவும் நம்முடைய க்ஷேமத்துக்காகவே வைக்கப்பட்டவை என்று நம்பிப் பழகியவர்கள் நாம். அதனுள்ளே இருந்ததோ, எண்களை அழுத்தும் விசைப்பலகையை நோக்கிய சிறு காமிரா.

ஆகஸ்டு மாதத்தில், கார்டு தங்கள் சட்டைப்பையிலேயே பத்திரமாக இருக்க, மும்பையில் யாரோ தங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட்டதாகக் கைப்பேசியில் செய்தி கண்ட நகரவாசிகள் ஒருவர்பின் ஒருவராக வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் ஓடியபோதுதான் விஷயம் அம்பலமாயிற்று. அந்த அறையின் கண்காணிப்புக் காமிராவிலே வந்தவர்களின் உருவங்கள் பதிந்திருந்தன. சில தினங்களுக்குள் ஒருவன் மும்பையில் பிடிபட்டான். மற்றவர்கள் அதற்குள் தேசத்தை விட்டு வெளியேறிவிட்டமையால் இன்டர்போலின் உதவியை நாட வேண்டியதாயிற்று.

பணத்தை இழந்தவர்கள் எவரிடமும் இரகசிய எண்ணைச் சொல்லவில்லை, கார்டைத் தொலைக்கவில்லை, செய்யத்தகாதது எதையும் செய்யவில்லை. தங்கள் வங்கி தங்களுக்காக வைத்திருந்த இயந்திரத்தில் தங்கள் பணத்தை எடுத்தார்கள், அவ்வளவே. அப்படியிருக்க இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை ஆராய்ந்தால், பின்னர் வந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவற்றின் காரணமும் தானே விளங்கும்.

கார்டின் முதுகிலே ஓடும் கறுப்புப் பட்டை காந்தத் துகள்கள் பூசிய ஒரு நாடா. 1960-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாவை பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டுவதற்கு வழி தெரியாமல் வீட்டில் கவலையோடு இருந்தபோது, துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியாலேயே அழுத்திப் பார்க்கலாமே என்று யோசனை கூற, அது பலித்தது என்பார்கள். அப்பட்டையின் இரண்டாம் தடம் என்னும் கோட்டில் அதிகமாகப் போனால் 40 குறியீடுகள் அடங்கும். கார்டின் எண், அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும், எவ்விதப் பயன்பாட்டுக்கு உரியது என்பதைக் குறிக்கும் மூன்று இலக்கங்கள், போலியைக் கண்டறிய வங்கி சேர்த்துவைக்கும் சில சரிபார்ப்பு இலக்கங்கள் ஆகியவையே அதன் சாராம்சம். யார் எங்கே எத்தனை முறை கேட்டாலும் கிளிப்பிள்ளையைப் போல் அதே இலக்கங்களை அதே வரிசையில் ஒப்பித்துவிடுவது இப்பட்டையின் சுபாவம். கேட்பது வங்கியா திருடனா என்று பகுத்தறியும் சக்தி அதற்கு இல்லை. ஆகவே, கார்டு நுழையும் வாயிலின் மேல் அதே வடிவமும் அதே வர்ணமும் கொண்ட ஒரு போலி உறையை மாட்டி, அதனுள் சிறியதொரு படிப்பானையும் நினைவகத்தையும் வைத்துவிட்டால், உள்ளே போகும் ஒவ்வொரு கார்டின் விவரமும் பதிவாகிவிடும். அதை ஒரு வெற்று அட்டையில் எழுதிக்கொள்வது பின்னர் எளிது. ஸ்கிம்மர் என்று காவல்துறையினரும் வங்கிக்காரர்களும் குறிப்பிடுவது இதைத்தான்.

ஆனால் இரகசிய எண் பட்டையில் இல்லை. அதை விசைப்பலகையிலிருந்து மின்வழியில் களவாடுவதும் எளிதன்று. ஏனெனில் நாம் அழுத்தும் நான்கு இலக்கங்களும் அப்பலகைக்குள்ளேயே சங்கேதமாக மாற்றப்பட்ட பின்னரே வெளியே செல்கின்றன. யாரேனும் அதைப் பிரித்தெடுக்க முயன்றால், உள்ளிருக்கும் சங்கேதத் திறவுகள் தாமாகவே அழிந்துவிடும்படி அது நிர்மாணிக்கப்பட்டிருக்கிறது. பலகைக்குள் புக முடியாத திருடன் கூரைக்கு ஏறியதன் காரணம் இதுவே. எண்ணை அழுத்தும்போது மறுகையால் மூடிக்கொள்ளுங்கள் என்னும் பழைய உபதேசம் ஏதோ சம்பிரதாயத்துக்குச் சொல்வது போலத் தோன்றினாலும், வெள்ளையம்பலத்தில் நடந்தது போன்ற திருட்டைத் தடுக்க வாடிக்கையாளர் கைவசம் இருந்த உபாயம் அது ஒன்றுதான். விரலின் வெப்பம் சற்றுநேரம் தங்கியிருப்பதால், வெப்பக் காமிராவைக்கொண்டு பின்னால் வருபவன் எண்ணை ஊகிக்க முடியுமா என்றுகூட கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ கிளையினர் 2011-இல் பரீட்சித்தார்கள். பிளாஸ்டிக் பொத்தான்களில் அது ஓரளவு பலித்தது, உலோகப் பொத்தான்களில் பலிக்கவில்லை. நம்முடைய ஏடிஎம்களில் பெரும்பாலும் உலோகப் பொத்தான்களே இருப்பதால் இவ்விஷயத்தில் நாம் நிம்மதியாக இருக்கலாம்.

இரகசிய எண்ணுக்கு நான்கு இலக்கங்கள் போதும் என்று தீர்மானமானதும் ஒரு குடும்பக் கதையே. 1967 ஜூன் 27 அன்று லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி திறந்துவைத்த பணம் வழங்கும் இயந்திரத்தை வடிவமைத்த ஜான் ஷெப்பர்டு-பாரன், நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறு இலக்கம் வைக்கலாமென்று எண்ணியிருந்த அவரிடம், தமக்கு நான்குக்கு மேல் ஞாபகத்தில் நிற்காது என்று மனைவி சொல்லிவிட்டதாக அவரே பின்னாளில் கூறினார். இத்துறையின் சரித்திரத்தில் பெரிய முடிவுகள் அடுக்களைப் பக்கத்திலேயே நிர்ணயமாயின போலும்! நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள் உண்டு. மூன்று தவறான முயற்சிகளுக்குப் பின் கார்டு முடக்கப்பட்டுவிடும் என்பதால், குருட்டாம்போக்கில் ஊகிப்பவனுக்கு வாய்ப்பு 10,000-இல் 3 மட்டுமே. ஆனால் பிறந்த வருஷத்தை எண்ணாக வைத்துக்கொள்ளும் மனிதர், தம் பத்தாயிரத்தைத் தாமே ஏறத்தாழ நூறாகச் சுருக்கிக்கொள்கிறார்; அவருடைய ஆதார் அட்டையின் நகலோ ஓட்டுநர் உரிமமோ கைக்குக் கிடைத்தவனுக்கு அந்த நூறும் ஒன்றாகிவிடும்.

இனி சிப்பைப் பற்றி. ஃபிரான்ஸ் தேசத்து ரோலான் மொரேனோ 1974-இல் காப்புரிமை பெற்ற நினைவக அட்டையின் வம்சத்தில் வந்த இந்தச் சின்னஞ்சிறு தங்கநிறச் சதுரம், உண்மையில் ஒரு கணினி. அதனுள் ஒருபோதும் வெளியே சொல்லப்படாத ஓர் இரகசியத் திறவு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இயந்திரம் அப்போதைக்கப்போது உண்டாக்கும் ஓர் எண்ணையும், தொகையையும், இது எத்தனையாவது பயன்பாடு என்னும் தன்னுடைய கணக்கையும் சேர்த்து, அந்தத் திறவால் ஒரு புதிய விடையைக் கணித்து வங்கிக்கு அனுப்புகிறது; வங்கி தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து ஒப்பிடுகிறது. இன்றைய விடையை ஒருவன் ஒட்டுக்கேட்டாலும் நாளைக்கு அது செல்லாது. சிப்பிலிருந்து படித்த விவரத்தைக்கொண்டு போலிப் பட்டை தயாரிப்பதையும் தடுப்பதற்காக, பட்டையில் ஒரு சரிபார்ப்பு இலக்கத் தொகுதியும் சிப்பில் வேறொன்றும், கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்கங்கள் மற்றொன்றுமாக வைத்திருக்கிறார்கள்.

ஃபிரான்ஸில் 1992-லேயே வங்கிக் கார்டுகள் யாவும் சிப்புடையனவாகிவிட்டன. இந்தியாவிலோ, 2016-இல் வெறும் பட்டைக் கார்டுகள் கோடிக்கணக்கில் புழங்கின. அந்தத் தாமதத்தின் விலை, திருவனந்தபுரச் சம்பவத்துக்கு இரண்டு மாதங்கழித்து, அக்டோபரில் தேசம் முழுவதற்கும் தெரிந்தது. இம்முறை எந்தக் கூரையிலும் எவனும் ஏறவில்லை. ஏடிஎம்களை இயக்கும் பொறுப்பை ஏற்றிருந்த ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள்ளேயே தீய நிரல் புகுந்திருந்தது. சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்திருக்கலாம் என்று அஞ்சி, ஸ்டேட் வங்கி மட்டுமே ஏறக்குறைய 6 லட்சம் கார்டுகளை முடக்கிற்று. பணத்தை நிஜமாக இழந்தவர்கள் 19 வங்கிகளைச் சேர்ந்த 641 பேர் என்றும், இழந்த தொகை 1.3 கோடி ரூபாய் என்றும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிவித்தது. பட்டை மட்டுமே உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றிவிட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் கட்டளை நற்கட்டளைதான். ஆயினும் அது நியாயமாக வந்திருக்க வேண்டிய காலத்துக்குப் பல வருஷங்கள் பிந்தி வந்தது என்பதே என் அபிப்பிராயம்.

அதற்குப் பின் வந்தவற்றுள் இரண்டு ஏற்பாடுகள் விசேஷமானவை. ஸ்டேட் வங்கி 2020-இல், 10,000 ரூபாயும் அதற்கு மேலும் தன் ஏடிஎம்களில் எடுக்க, கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் கேட்கத் தொடங்கிற்று. முதலில் இரவில் மட்டும், செப்டம்பர் 18 முதல் நாள் முழுவதும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையத்தில் வாங்குதல், தொடாமலே செலுத்துதல் ஆகியவற்றைக் கணக்குதாரர் தம் விருப்பப்படி திறக்கவும் அடைக்கவும் வசதி செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஜனவரியில் உத்தரவிட்டது. மாதந்தோறும் ஓய்வூதியத்தை எடுக்க மட்டுமே கார்டை உபயோகிக்கும் பெரியவர்கள் இத்தலைநகரில் ஏராளம்; அவர்களுடைய கார்டு உலகெங்கும் செல்லுபடியாக வேண்டிய அவசியம் என்ன? வங்கியின் செயலியில் இந்த வசதிகளை அடைத்துவைப்பதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்காது.

கார்டு இவ்வளவு கெட்டிப்பட்டுப் போனதன் பயனாக, திருடன் கார்டை விட்டு மனிதனைப் பிடித்துக்கொண்டான். உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, கணக்கு இன்றே முடக்கப்படும் என்று தொலைபேசியில் அச்சுறுத்தி ஓடிபியைக் கேட்கிறான். பழுதைச் சரிசெய்வதாகச் சொல்லி, கைப்பேசித் திரையைத் தான் பார்க்க உதவும் செயலியை நிறுவச் சொல்கிறான். வங்கி ஊழியர் எவருக்கும் உங்கள் ஓடிபி தேவைப்படாது. பிறர் அனுப்பும் பணம் நம் கணக்கில் வந்து சேர்வதற்கு இரகசிய எண்ணை அழுத்தவேண்டிய முறை இந்நாட்டில் எங்கும் இல்லை. இணையத்தில் வங்கியைத் தேடிப் போகிறவர்கள், முகவரி பேங்க்.இன் என்று முடிகிறதா என்று பார்க்கலாம். இந்திய வங்கிகள் அந்த முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி விதித்த கெடு 2025 அக்டோபர் 31.

இத்தனைக்கும் பிறகு பணம் போய்விட்டால், நஷ்டம் யாருடையது? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதை வகுத்துச் சொல்கிறது. வங்கியின் குறையால் நேர்ந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. வங்கியின் பிழையுமன்றி அவருடைய பிழையுமன்றி இடையில் எங்கோ ஓட்டை விழுந்தால், செய்தி கிடைத்த நாள் நீங்கலாக 3 வேலைநாட்களுக்குள் தெரிவிப்பவருக்கும் நஷ்டமில்லை. 4 முதல் 7 வேலைநாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை அவர் தாங்கவேண்டியிருக்கும். அதற்குப் பின் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. புகார் கிடைத்த 10 வேலைநாட்களுக்குள் அத்தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் மேலேயே விழுகிறது. ஓடிபியைத் தாமே சொல்லிக் கொடுத்தவருக்கு மட்டும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த நஷ்டம் அவருடையதே. எஸ்எம்எஸ் அனுப்பினோம், அவர் பதில் சொல்லவில்லை என்று கைகழுவப் பார்த்த ஒரு வங்கியின் வாதத்தை, 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது; எல்லோரும் எஸ்எம்எஸ்ஸை உடனுக்குடன் பார்ப்பவர்களல்லர் என்னும் சாமானிய நியாயம் அங்கே ஜயித்தது.

ஆயினும் நியாயம் நம் பக்கம் இருப்பது வேறு, பணம் திரும்பி வருவது வேறு. களவாடிய தொகை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நிமிஷங்களில் தாவிச் செல்வதால், முதலில் கார்டை முடக்கிவிட்டு, உடனே 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பதே முறை. தொகை எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க முயல்வதற்கென்றே அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. அதன்பின் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 30 நாட்களில் பதிலோ திருப்தியோ கிட்டாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இவை யாவும், வங்கியின் ஏட்டிலுள்ள கைப்பேசி எண் என்னும் ஒரு சிறு விஷயத்தைப் பொறுத்தவை. வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்து கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அவர்கள் கைவிட்ட பழைய எண், வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் வங்கியின் ஏட்டில் அப்படியே இருக்கும். பணம் எடுத்த செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும், ஓடிபியும் அங்கேதான் போகும். வாசகர்கள் தயவுசெய்து இந்த வாரத்துக்குள் தங்கள் வங்கிக் கிளைக்குச் சென்று, ஏட்டிலிருக்கும் எண் இப்போது தங்கள் கையிலிருக்கும் எண்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.