நிதானம் மூளையில் எங்கே பிறக்கிறது?

‘சிவப்பு’ என்னும் சொல் பச்சை மையில் அச்சிடப்பட்டிருக்கிறது. சொல்லைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் விரைந்து கூற வேண்டும். எழுத்தறிந்த எவரும் இங்கே சற்றுத் தடுமாறுவர். நாவில் முந்தி வரும் ‘சிவப்பை’ அடக்கிய பின்னரே ‘பச்சை’ என்று சொல்ல முடிகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த எளிய சோதனை, இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டு வருகிறது.

முந்தி வரும் எண்ணத்தை அடக்குதல், தேவையான விவரங்களை மனத்தில் ஏந்திப் புதுப்பித்துக்கொள்ளுதல், ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எனினும் தனித்தனித் திறன்கள். அகிரா மியாக்கேயும் அவருடன் பணியாற்றியோரும் 2000-ஆம் ஆண்டில் இதை எடுத்துக்காட்டினர். இவற்றை ஒருசேர மூளையின் நிர்வாகத் திறன் என்கிறோம். ஓர் அலுவலகத்தில் மேலாளர் செய்யும் வேலைக்கு ஒப்பானது இது.

இந்த மேலாளர் பணிபுரிவதை வெளியிலிருந்தே காண வழிசெய்தது எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் படமெடுப்பு முறை. மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. ஆக்சிஜனை ஏந்திய இரத்தமும் இழந்த இரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. 1990-இல் செய்ஜி ஒகாவா விளக்கிய இந்த வேறுபாடே படமாகிறது. ஊசியோ கதிர்வீச்சோ தேவையில்லை. ஆனால் இரத்த ஓட்டம் உச்சத்தை எட்டச் சுமார் 5 நொடிகள் ஆகும். ஆகவே நாம் காண்பது எண்ணத்தை அன்று; அதன் பின்னே வரும் சுவட்டை.

ஸ்ட்ரூப் சோதனையின்போது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியும், இரு அரைக்கோளங்களின் உட்பக்கத்து முன்பகுதி ஒன்றும் கூடுதலாக இயங்குவதைப் படங்கள் காட்டுகின்றன.

பணம் பற்றிய முடிவுகளும் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன. இன்றே சிறு தொகையா, சில வாரங்கள் கழித்துப் பெருந்தொகையா? 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடனே கிடைக்கும் பலன் கண்முன் நின்றபோது உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் கிளர்ந்தன; காத்திருக்கத் துணிந்தபோது முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிகளின் பங்கு ஓங்கியிருந்தது. ஆனால், இரு தரப்புகளின் போட்டியாக இதைக் கருத வேண்டியதில்லை, இரண்டு பலன்களையும் ஒரே அமைப்பே மதிப்பிடுகிறது என்று 2007-இல் வந்த மற்றோர் ஆய்வு வாதிட்டது. விவாதம் இன்னும் முடியவில்லை.

வயது கூடும்போது சில பணிகளில் ஒரு மாற்றம் தென்படுகிறது. இளையோர் முன்மூளையின் ஒரு பக்கத்தையே பெரிதும் பயன்படுத்தும் இடத்தில், முதியோர் பலர் இரு பக்கங்களையும் ஈடுபடுத்துகின்றனர். குறையும் திறனை மூளை இவ்வாறு ஈடுசெய்கிறது என்பது ஒரு விளக்கம். பகுதிகளின் தனித்தன்மை மங்குவதன் அடையாளம் என்பது மற்றொன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த முடிவுகள் பலரது படங்களின் சராசரியிலிருந்து பெறப்பட்டவை. ஒருவரது படத்தை மட்டும் பார்த்து, அவர் சிக்கனமானவரா, ஊதாரியா என்று கூற இயலாது.

ஆயினும் நம் கணக்குகளுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மோசடிக்காரர் தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார், அச்சுறுத்துகிறார், இணைப்பைத் துண்டிக்க விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். அடக்கவும் நினைவில் ஏந்தவும் மாறிச் சிந்திக்கவும் இடந்தராத சூழல் அது. கற்றோரும் ஏமாறுவது இதனாலேயே. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. அத்தகைய அழைப்பை உடனே துண்டிப்போம். ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் பகிராதிருப்போம். பெருந்தொகையை அனுப்புமுன் வீட்டாரில் ஒருவரிடம் கலந்து பேசுவோம். பணம் போய்விட்டதென ஐயம் எழுந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிப்போம்.