ஒழுங்கை தெரிந்தவர்கள் இருக்கும்போதே



மேல்நாடுகளில் இப்போது 'கிரவல் சைக்கிள்' என்றொரு விளையாட்டுப் பரவி வருகிறது. தார் போட்ட பெருந்தெருக்களை விட்டு, மலைப்பாங்கான கிராமங்களின் கிரவல் பாதைகளைத் தேடிப் பிடித்து, அகன்ற ரயர் பூட்டிய சைக்கிளில் நாள் முழுவதும் ஓடுகிறார்கள். 2022 இல் இத்தாலி நாட்டில் இதற்கென முதலாவது உலகச் சம்பியன் போட்டியும் நடைபெற்றது. நமது மலையகத்தில்கூட, தேயிலை கொண்டு சென்ற பழைய தோட்டப் பாதைகளைத் தொடுத்து 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பெக்கோ' நடைபாதையை அமைத்து, அதனை 22 பகுதிகளாக வகுத்திருக்கிறார்கள்.

இணுவிலில் வாடகை வீடொன்றில் வாழும் முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 யூன் மாதம் இடம்பெயர்ந்த கமக்காரர் அவர். வாய்விட்டுச் சிரித்தார்.

"காசு செலவழிச்சோ சுவாமி கிரவல் றோட்டிலை ஓடுகினம்? நாங்கள் பிறந்ததிலையிருந்து அதிலைதானே ஓடுறம்!"

சிரிப்பு அடங்கியதும், "எங்கடை தோட்டத்துக்குப் போற ஒழுங்கை எனக்குத் தெரியும். என்ரை பெடியனுக்குத் தெரியாது. பேரனுக்கு அப்பிடி ஒண்டு இருந்ததே தெரியாது" என்றார். அந்த வார்த்தையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சைக்கிள் சுமந்த காலம்

எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. ஆனால் 1990 களில் நாம் மிதித்த மிதி மலையேற்றத்துக்குக் குறைந்ததல்ல. பொருளாதாரத் தடையால் எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றரி யாவும் அரிதாயின. கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சியவை சைக்கிள்களே. வெங்காயப் பிடியும் விறகுக்கட்டும் சந்தைக்குப் போனது அதில்தான். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நான் பள்ளிச் சிறுவன். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, கைபிடியில் அரிசிப் பையைக் கொழுவி உருட்டிக்கொண்டு போனோம். பெருந்தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கள் மாமா தோட்டக்காரர். இணுவிலிலிருந்து கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய் என்று தோட்ட ஒழுங்கைகளாலேயே எங்களைக் கூட்டிச் சென்றார். கைதடிப் பாலத்தில் எல்லோருடனும் நாமும் நெரிபட்டோம் என்பது உண்மை. ஆயினும் அதுவரை அம்மம்மா இறங்கி நடக்க நேரவில்லை. மாமாவிடம் வரைபடம் இருக்கவில்லை. அவர் வெங்காயம் ஏற்றித் திரிந்த பாதைகள் அவை, அவ்வளவுதான்.

உறுதியில் எழுதிய பாதை

உங்கள் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். எத்தனை பரப்பு என்பதோடு காணியின் பெயரும் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். பல உறுதிகளில் ஓர் எல்லை 'ஒழுங்கை' என்றிருக்கும். கிணற்றுப் பங்கோடு வழி, வாய்க்கால் பாவனை உரிமையும் சொல்லப்பட்டிருக்கும். பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்ளும் எங்கள் மண்ணில், பாதையில்லாத காணி வாயில்லாத பானை போன்றது. நமது முன்னோர் இதனை நன்கறிந்தே எழுதி வைத்தார்கள்.

ஆனால் மனிதர் நடமாடாத முப்பது ஆண்டுகளில் வேலிக் கிளுவைகள் பட்டுப்போயின, கிணறுகள் தூர்ந்தன, மண் அணைகள் எழுந்தன. 2009 இன் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியோர் பலர், 'இதுதான் எங்கள் ஒழுங்கையா?' என்று திகைத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் உண்டு. அவை கிடைக்கும் நாளில் வழிகாட்டுவதற்கு இன்றைய முதியவர்கள் இருப்பார்களா?

ஒரு சனிக்கிழமை வேலை

பெரிய திட்டமோ வெளிநாட்டு உதவியோ இதற்குத் தேவையில்லை. ஒரு முதியவர், ஓர் இளைஞர், இரண்டு சைக்கிள்கள், ஒரு கொப்பி போதும்.

முதலில், விடுவிக்கப்பட்ட பகுதியில் முதியவர் முன்னே செல்லட்டும். அவர் நிற்கும் இடமெல்லாம் நில்லுங்கள். கிணறு, வைரவர் கோயில், மதகு, தனிப்பனை, பழைய சங்கடப்படலை என்று அவர் சொல்வதைக் கொப்பியில் குறியுங்கள். காணிப் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவதாக, தூரத்தைச் சைக்கிளே அளந்து தரும். ரயரில் சோக்கால் ஒரு கோடு இட்டு, ஒரு சுற்று உருட்டி நிலத்தை அளந்து பாருங்கள். 28 அங்குலச் சில்லு ஏறத்தாழ 2.2 மீற்றர் ஓடும். நூறு சுற்றுக்கு 220 மீற்றர். கம்பியில் ஒரு துணியைக் கட்டினால் சுற்றை எண்ணுவது சுலபம். கைத்தொலைபேசியில் பாதையைப் பதியத் தெரிந்த பிள்ளைகள் அதையும் செய்யலாம். படைமுகாம்களின் அருகில் படம் எடுக்க வேண்டாம்.

மூன்றாவதாக, வீட்டுக்கு வந்து பெரிய தாளில் வரைந்து, அயற்காணிக்காரரை அழைத்துக் காட்டுங்கள். கருத்து வேற்றுமை இருந்தால் இரண்டையும் குறியுங்கள். ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் இன்னொன்றைப் பிரதேச சபையிடமும் கொடுங்கள். இந்தப் படம் உறுதி ஆகாது. நில அளவையாளரின் படத்துக்கு ஈடும் ஆகாது. ஆனால் நில அளவையாளர் வந்து 'பாதை எது?' என்று கேட்கும் நாளில், ஊர் ஒரே குரலில் பதில் சொல்ல இது உதவும்.

மிக முக்கியமானது ஒன்று: மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடத்தில் ஓரடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், ஆட்கள் வழமையாகப் போய்வரும் தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். ஐயமான பொருளைக் கண்டால் தொடாமல் வந்த தடத்தாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

கிரவலில் ஓடுவோருக்கு

மேல்நாட்டு விளையாட்டு வீரர் கண்டறிந்தவற்றுள் நமக்கும் சில பயன்படும். தார்த் தெருவில் ரயர் இறுக்கமாக இருக்கலாம். கிரவலில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்புக் கூடும், உடம்பு குலுங்காது. ஆனால் சுமை ஏற்றும்போது குறைக்கக் கூடாது. குறைத்தால் கல்லில் அடிபட்டு ரியூப் வெடிக்கும். சுமையைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் கட்டுங்கள். தளர்ந்த கிரவலில் முன் பிறேக்கைத் திடீரெனப் பிடித்தால் சில்லு வழுக்கும். பின் பிறேக்கை முந்திப் பிடியுங்கள். மாரியில் செம்மண் மட்கார்ட்டுக்குள் அப்பி இறுகும். ஒரு சிறு தடி கையில் இருக்கட்டும்.

தண்டவாளக் கரை பற்றியும் ஒரு சொல். 1990 இல் ரயில் நின்றபின், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போன அந்தக் கல்பாதை பல ஆண்டுகள் எங்கள் சைக்கிள் வழியாயிருந்தது. 2015 தொடக்கம் காங்கேசன்துறை வரை மீண்டும் ரயில் ஓடுகிறது. பழைய பழக்கத்தில் அதனருகே செல்ல வேண்டாம். கடவையில் இறங்கி, இருபுறமும் பார்த்துக் கடவுங்கள்.

2022 இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்த நாடு முழுவதும் சைக்கிளைத் தேடியது. எங்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை. பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டோம், ஓடியது. ஒழுங்கைகளின் நினைவு அப்படியல்ல. அது முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது.

நான் முன்னர் சொன்ன முதியவர் சென்ற மாதம் தம் பேரனுடன் மல்லாகம் தாண்டிச் சென்று வந்தார். அவருடைய காணி இன்னும் கிடைக்கவில்லை. வேலி மட்டும் போய்வந்தார். அதுவரையுள்ள ஒழுங்கையைப் பேரன் கொப்பியில் வரைந்திருக்கிறான். வேலிக்கு அப்பால் உள்ளதைத் தாத்தா வாயால் சொல்ல, அதைப் புள்ளிக்கோட்டால் குறித்திருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கும். வருகிற சனிக்கிழமை தொடங்குங்கள்.