கீறல் இருக்கட்டும்

அண்ணன் மகன் முகம் வாடி வந்தான். பைக்கின் சிலிண்டர் பிளாக்கை ரீபோர் செய்து வாங்கியிருக்கிறான். உள்ளே பார்த்தால் சுவர் முழுக்கக் கீறல். "சித்தப்பா, இவ்வளவு காசு வாங்கிட்டு எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்ச மாதிரி குடுத்திருக்காங்க. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டாமா?" டீ வரும்வரை பிளாக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல்கள் ஒன்றையொன்று வெட்டி, சின்னச் சின்னச் சாய்சதுரங்களாக, மேலிருந்து கீழ்வரை சீராக ஓடின. "நல்ல கைடா இது. அவர்கிட்டயே இனிமே வேலை குடு" என்றேன்.

வழுவழுப்பாக இருந்தால் உராய்வு குறையும் என்பது பாதி உண்மைதான். ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் ஸ்லிப் கேஜைத் தொட்டிருப்பார்கள். நன்றாக இழைத்த அந்த எஃகுக் கட்டைகள் இரண்டைச் சேர்த்துத் திருகினால், பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அதோடு, கண்ணாடிபோன்ற சுவரில் எண்ணெய் தங்க இடமேது? பிஸ்டன் ரிங் வழித்துக்கொண்டு போய்விடும்.

பிஸ்டன் ஓடும்போது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய் ஆப்புபோல் நுழைந்து இரண்டையும் பிரித்து வைக்கிறது. வேகம் இருக்கும்வரைதான் அது நடக்கும். மேல்முனையில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறதே, அங்கே வேகம் பூஜ்யம். எரிபொருள் எரியும் சூடும் அழுத்தமும் அதே இடத்தில்தான். நிறைய ஓடிய பிளாக் கிடைத்தால், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல்நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு படி தட்டும். மேல் ரிங் நின்று திரும்பித் திரும்பித் தின்ற இடம் அது.

அந்த ஒரு கணத்துக்கான சேமிப்புதான் கீறல். சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போவதால் அது சாய்வாக விழுகிறது. பிறகு நயமான கல்லால் கூரான முகடுகளை மட்டும் சீவிவிடுவார்கள். ரிங் தட்டையான மேட்டில் ஓடும், எண்ணெய் பள்ளத்தில் காத்திருக்கும். பிளாட்டோ ஹோனிங் என்பது இதுதான். லேத் பெட்டில் ஸ்கிரேப்பரால் பிறை பிறையாகச் செதுக்குவதும் இதற்காகவே. அம்மி கொத்துவதும் பள்ளம் போடுவதுதானே என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. அங்கே பள்ளம் மிளகாயைப் பிடித்து அரைக்க; இங்கே எண்ணெயைப் பிடித்து அரைபடாமல் காக்க.

எண்ணெயைச் சேமிப்பதோடு பள்ளத்தின் வேலை முடிந்துவிடவில்லை. நுண்ணிய மேடுபள்ளங்களே எண்ணெயில் அழுத்தத்தை எழுப்பிப் பரப்புகளைப் பிரிக்கும் என்று 1966-இல் ஹாமில்டன், வாலோவிட், ஆலன் மூவரும் விளக்கினார்கள். 1990-களில் இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தில் இசாக் எட்சியான் லேசரால் சீல்களின் முகத்தில் குழி போட்டுப் பார்த்தார். குழியின் அகலம் சுமார் 100 மைக்ரான், தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமன். ஆழம் 10 மைக்ரான் அளவுதான். எண்ணெய் குழியைக் கடந்து மறுகரையில் நெருக்கப்படும்போது அழுத்தம் கூடி, எதிர்ப்பரப்பைத் தூக்குகிறது. தேய்ந்து உதிரும் துகளும் குழிக்குள் அடங்கிவிடும். பரப்பைக் கீறிக்கொண்டு திரியாது.

அதற்காகக் கண்ட இடத்தில் குழி போடக் கூடாது. ஆழம் மிஞ்சினால் தூக்கும் அழுத்தம் போய்விடும். பெருஞ்சுமை உருளும் பால் பேரிங்கிலோ, குழியின் விளிம்பிலிருந்தே வெடிப்பு கிளம்பலாம்.

டீ ஆறிப்போனது. அவன் கிளம்பும்போது சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் அலசி மாட்டிவிடாதீர்கள். கல்லின் பொடி கீறலுக்குள்ளேயே இருக்கும். புது ரிங்கை அதுவே தின்றுவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை வராத வரை கழுவுங்கள். ஈரத்தைத் துடைத்ததும், துரு ஏறுமுன் எண்ணெய் தடவிவிடுங்கள்.