முடுக்குகளின் ஊர்

திருச்செந்தூர்வாசிகளுக்கு வீடு என்பது முழுவதும் தமக்கே உரியதாக இருப்பதில்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி விரதத்திற்கும், ஆறாம் நாள் மாலையில் கடற்கரையில் நிகழும் சூரசம்ஹாரத்திற்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து நிறையும்போது, தெருத் திண்ணைகளும் முன்கூடங்களும் யாத்திரிகர்களுடையவையாகி விடுகின்றன. கோயில் கைங்கரியம் செய்யும் திரிசுதந்திரர் இல்லங்களிலோ, வரும் பக்தர்களுக்குத் தங்க இடமும் உண்ண அன்னமும் அளிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த தர்மம். இந்த உபசாரத்தை நான் மிகவும் போற்றுகிறேன். ஆயினும், கிரகவாழ்வின் அந்தரங்கத்தை ஒரு கலையாகவே பேணி வளர்த்த ஊர் எதுவென்று கேட்டால், இதே கரையில் சில மைல் வடக்கே உள்ள காயல்பட்டினத்தைத்தான் காட்டுவேன்.

முத்துக்குளிப்பாலும் கடல் வாணிபத்தாலும் செழித்தது இக்கரை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்தெழுதிய காயல் துறைமுகம், தாமிரபரணியின் முகத்துவாரத்திலுள்ள பழைய காயலே என்பது பிஷப் கால்டுவெல் அவர்களின் முடிவு. அராபிய வர்த்தகர்களின் தொடர்பில் கிளைத்த இப்பிரதேசத்தின் முஸ்லிம் சமூகத்திற்கு இன்று காயல்பட்டினமே தலைமையான ஊர்.

அங்குள்ள பழைய வீடுகள், தெருவை நோக்கி ஒரு முகமும் உறவை நோக்கி மற்றொரு முகமும் கொண்டவை. ஆடவரும் அவரைக் காண வரும் அந்நியரும் தெருவாசலோடும் முன்கட்டோடும் நின்றுவிட, ஸ்திரீகளின் போக்குவரவெல்லாம் வீடுகளுக்கிடையே ஓடும் ஒடுங்கிய சந்துகளின் வழியே நிகழ்கிறது. ‘முடுக்கு’ என்று அவற்றைச் சொல்லுவார்கள். ஆடவர் அவ்வழியைப் பெரும்பாலும் தவிர்ப்பதால், உம்மாவைப் பார்க்கவோ, ராத்தா என்னும் அக்காளின் குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்று கேட்டு ஓடவோ, பெண்களுக்கென்றே அமைந்த தைக்காவில் ஓதலுக்குக் கூடவோ எந்த நேரத்திலும் எவர் கண்ணிலும் படாமல் சென்று வரலாம். வெளியுலகிற்கு அடைபட்டதாகத் தோன்றும் வீடு உறவினருக்கு நாள் முழுவதும் திறந்து கிடப்பதைத்தான் இவ்வமைப்பின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

இதற்கு இன்னொரு சம்பிரதாயமும் துணை நிற்கிறது. இவ்வூரில் வீடு பெண்ணுக்கு உரியது; விவாகமானதும் மணமகன்தான் மனைவியின் இல்லத்திற்கு வருகிறான். பிற இடங்களில் பரிகாசத்திற்குரியதாகக் கருதப்படும் இவ்வழக்கத்தின் விவேகம், அவ்வூர் ஆடவரின் தொழிலை நினைத்தால் விளங்கும். ரத்தினக்கற்களையும் பிற சரக்குகளையும் கொண்டு கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் புறப்பட்டவர்கள், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள், மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் திரும்புவதில்லை. அப்படிப்பட்ட காலங்களில், அறிமுகமற்ற புக்ககத்தில் தனித்துத் தவியாமல், தாயும் சகோதரியரும் சூழத் தன் சொந்த வீட்டிலேயே ஒரு பெண் குழந்தைகளை வளர்க்க முடிந்தது.

ஒதுக்கம் விதியாகி, ஒரு பெண்ணின் படிப்பையோ விருப்பத்தையோ தடுக்குமானால் அதை நான் ஆதரிக்கமாட்டேன்; அவ்வூர்ப் பெண்கள் இன்று கல்லூரி சென்று பட்டம் பெறுவது மனத்துக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? குழந்தையின் காதுகுத்தும், நோயாளியின் படுக்கையும், சமையலறைச் சச்சரவும்கூடக் கைப்பேசியின் மூலம் முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்சியாகின்றன. அடுத்த வீட்டுக்காரருக்கோ மதிற்சுவரும் பூட்டிய இரும்புக் கதவுமே மிச்சம். யாரிடமிருந்து மறைய வேண்டுமோ அவர்களுக்குத் திறந்தும், யாரோடு கலக்க வேண்டுமோ அவர்களுக்கு அடைத்தும் வாழ்கிறோம்.

புதிதாக மனை வாங்குகிற சகோதர சகோதரிகள் அடுத்தடுத்து வாங்க வாய்த்தால், இடையிலே மதிலெழுப்புவதற்கு முன்னால் காயல்பட்டினத்திற்கு ஒருமுறை சென்று, அவ்வூர்ப் பெரியவர்களிடம் பழைய வீடுகளின் அமைப்பைக் கேட்டறிந்து வரலாம். நாலடி அகலத்தில் ஒரு பொதுச் சந்தும், அதில் இரு வீட்டிலிருந்தும் திறக்கும் கதவுகளும் போதும். கொத்தனாருக்கு அதனால் அதிகச் செலவொன்றும் வந்துவிடாது.