கோயிலில் பேய் குடியேறிய கதை

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து, மறைக்கல்வி வகுப்புத் தொடங்குவதற்கு முன்னான கால்மணி நேரம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ, எந்தப் பங்குக் கோயிலிலும் காணக்கூடிய காட்சிதான் இது. சிறுவர் நால்வர், கோயிலின் பின்கட்டில் பூட்டிக் கிடக்கும் பழைய பொருளறையின் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கின்றனர். “ஐயோ, கன்னியாஸ்திரி நிற்கிறாள்!” என்று ஒருவன் கூவுகிறான். அனைவரும் சிதறி ஓடிச் சற்றுத் தொலைவில் நின்று சிரிக்கின்றனர். ஆனால், அவர்களோடு ஓடி வந்த ஏழு வயதுச் சிறுமி சிரிக்கவில்லை. தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, “அம்மா, இனிமேல் நான் கோயிலுக்கு வரமாட்டேன்” என்று விம்முகிறாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் மொழி. ஆயின், இக்குழந்தையை அரள வைத்தது இருட்டன்று; திரைப்படம். முன்னெல்லாம் நம் கதைகளில் பேய் குடியிருந்த இடங்கள் புளியமரமும் சுடுகாடும் பாழடைந்த பங்களாவுமே. இன்றோ அது கோயிலுக்குள்ளும் கன்னியர் மடத்துக்குள்ளும் குடியேறிவிட்டது. அதனை அங்கே குடியேற்றியவர் யார்? அதனால் நம் குடும்பங்களுக்கு நேரும் நட்டம் என்ன? சற்றுச் சிந்திப்போம்.

இருட்டு ஒரு மலிவான சரக்கு

பேய்ப்படம் எடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரே கட்டடமும் நான்கைந்து நடிகரும் போதும். அரங்க அமைப்பில் உள்ள குறைகளை இருட்டு மறைத்துவிடும். காட்டாத பேய்க்கு ஒப்பனைச் செலவும் இல்லை. அச்சத்தின் பெரும்பகுதி ஒலியிலேதான் பிறக்கிறது. நெடுநேர அமைதி, கதவின் கிறீச்சொலி, மறுபடி அமைதி, பிறகு திடுமென ஒரு பேரோசை. ஐயமுள்ளோர் ஒலியை அடக்கிவிட்டு அதே காட்சியைப் பார்க்கட்டும். பேய் வெறும் பொம்மையாகிவிடும்.

பம்பாயில் ராம்சே சகோதரர் எழுவர் இக்கலையைக் குடும்பத் தொழிலாகவே நடத்தினர். 1972-இல் ‘தோ கஸ் ஜமீன் கே நீச்சே’ என்னும் படத்தை எடுத்தவர்கள், 1984-இல் ‘புரானா மந்திர்’ எடுத்துப் பெரும் பொருள் ஈட்டினர். அத்தலைப்புக்குப் ‘பழைய கோயில்’ என்பது பொருள். தலை வேறு உடல் வேறாகப் பிரிக்கப்பட்ட அரக்கன் ஒருவன் மீண்டும் எழுந்து ஓர் அரச குடும்பத்தை வதைப்பதே கதை. ஆகவே, வழிபாட்டிடத்தை அச்சத்தின் கூடாரமாக்கும் வழக்கத்தால் நாம் மட்டும் பாதிக்கப்படவில்லை; நம் இந்து சகோதரர்களின் கோயில்களும் இதற்குத் தப்பவில்லை. தமிழில், 1976-ஆம் ஆண்டின் ‘ஓமன்’ என்னும் ஆங்கிலப் படத்தைத் தழுவி 1991-இல் ‘ஜென்ம நட்சத்திரம்’ வந்தது.

கத்தோலிக்க ஆலயத்தின் மீது இவர்களுக்கு ஏன் இத்துணைப் பற்று? உயர்ந்த கூரை, எரியும் மெழுகுதிரி, தொலைவில் ஒலிக்கும் மணி, அசையாத சுரூபங்கள், கறுப்பும் வெள்ளையுமான துறவாடை ஆகிய அனைத்தும் ஆயத்தமாய்க் கிடைக்கின்றன. உள்ளத்தைச் செபத்தில் அமர்த்துவதற்காக அமைந்த அமைதியை அச்சத்தின் பக்கம் திருப்பிவிடுவது எளிது.

இவை உருவாகும் விதத்தை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்திலேயே ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருக்கிறது. திரையில் நூறாண்டுப் பழமை காட்டும் சுவர் பலவும் இத்தகைய படப்பிடிப்புத் தளங்களில் ஒட்டுப்பலகையாலும் சாந்தாலும் சில நாட்களில் எழுப்பப்படுவதே. இதே வளாகத்தில் 2020 பிப்ரவரி 19 அன்று, ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி சரிந்து மூவர் மாண்டனர். திரையில் செத்தவர்கள் காட்சி முடிந்ததும் எழுந்து தேநீர் அருந்துவர், இம்மூவரும் எழவில்லை. உழைத்துப் பிழைப்போரின் உண்மைத் துயரம் இது. நம் செபத்துக்கு உரியவர்கள் இவர்களே.

கற்பனைப் பேயும் உண்மைக் கொடுமையும்

சிறுவர் கூவிய அந்தக் ‘கன்னியாஸ்திரி’ 2018-இல் வெளிவந்த ‘தி நன்’ என்னும் அமெரிக்கப் படத்தில் வருபவள். ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 36 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2023-இல் அதன் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. கதை 1952-ஆம் ஆண்டு ருமேனியா நாட்டில் ஒரு கன்னியர் மடத்தில் நடக்கிறது. துறவாடை பூண்ட பேய் ஒன்று அம்மடத்தை ஆட்டிப் படைக்கிறது.

1952-இல் ருமேனியாவில் உண்மையாகவே நடந்தது என்ன என்பதைப் பார்வையாளருள் எத்தனை பேர் அறிவர்? பொதுவுடைமை ஆட்சியினர் 1948 டிசம்பர் முதல் நாளன்று அங்கிருந்த கிரேக்க கத்தோலிக்கத் திருச்சபையைச் சட்டத்துக்குப் புறம்பானதென அறிவித்தனர். ஆயர்கள் சிறைப்பட்டனர். திருச்சபையை மறுதலித்தால் விடுதலை என்றனர்; அவர்கள் மறுதலிக்கவில்லை. ஆயர் வலேரியு டிராயன் ஃப்ரென்சியு, சிகெட் சிறையிலேயே 1952 ஜூலை 11 அன்று உயிர்நீத்தார். அவரையும் அவருடைய உடன் ஆயர் அறுவரையும் திருத்தந்தை பிரான்சிஸ், 2019 ஜூன் 2 அன்று அந்நாட்டின் பிளாஜ் நகரில் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தினார்.

பேய் உலவியதாகப் படம் சொல்லும் அதே ஆண்டில், அதே நாட்டில், மனிதர் மனிதருக்கு இழைத்த கொடுமை எந்தப் பேயின் கொடுமையையும் விஞ்சியது. அதனை வென்றதோ விசுவாசம். முதற்கதையை நம் பிள்ளைகள் மனப்பாடமாய் அறிவர். இரண்டாம் கதையை அவர்களுக்கு நாம் சொன்னதுண்டா?

வள்ளலைப் பேயாக்கினர்

நம் சென்னை நகரிலும் இதற்கொப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2015-இல் ‘டிமான்டி காலனி’ என்னும் படம் வெளிவந்தது. அஜய் ஞானமுத்து இயக்கிய முதற்படம், அருள்நிதி நடித்தது. பெரும்பகுதி ஓர் அறைக்குள்ளேயே நடக்கும் இச்சிறுபடம், திறமையாக எடுக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. இளைஞர் நால்வர் ஆழ்வார்ப்பேட்டை டிமான்டி காலனியில் உள்ள பாழடைந்த பங்களாவுக்கு இரவில் செல்கின்றனர். அங்கிருந்து ஓர் ஆபரணம் எடுக்கப்படுகிறது. பிறகு, வீட்டுக்குரிய ஜான் டி மான்டியின் ஆவி அவர்களை விடாது தொடர்கிறது. இப்படத்தின் இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது.

உண்மையில் வாழ்ந்த ஜான் டி மான்டி யார்? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வாணிபம் செய்து பெருஞ்செல்வம் சேர்த்த போர்த்துகீசியக் கத்தோலிக்கர் அவர். கடலோரக் கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தை 1808-இல் எழுப்பியவர். 1821-இல் இறந்தபோது தம் சொத்துகளை அறப்பணிகளுக்கென மயிலை மறைமாவட்டத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அவ்வுடைமைகளுள் ஒன்றே இன்று அவர் பெயரால் வழங்கும் அக்குடியிருப்பு. அவருடைய உடல் கோவளம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். உயிரோடிருக்கையில் ஆலயம் கட்டியவர், இறக்கையில் தமக்கென வைத்துக்கொள்ளாமல் கொடுத்துச் சென்றவர். அவரையே, தம் ஆபரணத்தைத் தொட்டவனைப் பழிவாங்கும் ஆவியாகத் திரை காட்டிவிட்டது. இன்று அப்பெயரைச் சொன்னால் பத்து இளைஞரில் எத்தனை பேர் வள்ளலை நினைப்பர்? பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கடமை, இறந்தவர் விஷயத்தில் தளர்ந்துவிடுவதில்லை; மறுமொழி சொல்ல அவர்களுக்கு வாயில்லை ஆதலால், அது இன்னும் கூடுகிறதன்றோ!

பேயா, பிணியா?

இதுவரை கூறியது பெயருக்கு நேர்ந்த நட்டம். உயிருக்கே நேரும் நட்டமும் ஒன்றுண்டு.

இப்படங்களைப் பார்த்துப் பழகிய வீட்டில், பருவமடைந்த மகள் ஒருத்தி உண்ணாமல் உறங்காமல் தனியே பேசத் தொடங்கினால், பெற்றோர் மனம் முதலில் எங்கே ஓடும்? மருத்துவரிடமா, மந்திரிப்பவரிடமா? 1973-இல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தில்கூட, குழந்தையை முதலில் மருத்துவர் பலர் சோதிக்கின்றனர். அதில் வரும் குருக்களில் ஒருவரே மனநல மருத்துவர். அதனைப் பின்பற்றிக் காசு பார்த்த மலிவுப் படங்களோ மருத்துவரை விட்டுவிட்டன. சிலுவையையும் அலறலையும் மட்டும் எடுத்துக்கொண்டன.

தாய்த் திருச்சபை இதில் காட்டும் எச்சரிக்கை பலரும் அறியாதது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172-ஆம் சட்டப்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கை நடத்தலாகாது. பக்தியும் அறிவும் விவேகமும் நேர்மையான வாழ்வும் உடைய குருவுக்கே அவ்வனுமதி தரப்படும். மனநோய் என்பது வேறு, அதனைக் குணப்படுத்துவது மருத்துவத்தின் பொறுப்பு என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலும் (எண் 1673) தெளிவாய்க் கூறுகிறது. இச்சடங்கை வேடிக்கைக் காட்சியாக்கக் கூடாது என்பதும் திருச்சபையின் கட்டளை. வேடிக்கையாக்கலாகாது என்று தாய் தடுத்ததையே, திரை சீட்டு விற்றுக் காட்டுகிறது!

அச்சமும் அறியாமையும் கைகோத்தால் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றிக் கருகினர். இது ஏதோ ஒரு மதத்தாரின் குற்றமன்று. நோயைப் பேயென்று எண்ணித் திருத்தலம் திருத்தலமாய் அலைக்கழிக்கும் வழக்கம் நம்மிடையேயும் இல்லாமற் போகவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றும் தடை செய்திருக்கிறது.

நம் பகுதியினருக்கு உதவி தொலைவில் இல்லை. 1794-இல் தொடங்கப்பெற்ற கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்னும் எண்ணில் ‘டெலி மானஸ்’ அரசுத் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது. செபமாலையைக் கையிலெடுங்கள், அதே கையால் மருத்துவமனைக் கதவையும் தட்டுங்கள். ஒன்று மற்றதற்குப் பகையன்று. கல்லறைகளிடையே கதறித் திரிந்தவனை ஆண்டவர் எவ்வாறு நடத்தினார் என்பதை மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசியுங்கள். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்ட முயன்றனர். அவர் அவனைத் தெளிந்த மனத்தினனாக்கி வீட்டாரிடமே அனுப்பினார்.

கதவைத் திறந்து காட்டுங்கள்

அப்படியானால் பிள்ளைகளைப் படம் பார்க்கவே விடலாகாதா? தடை மட்டும் பயன் தராது. நம் கண்முன் மூடிய படம் நம் முதுகுக்குப் பின் திறக்கும். வயதுக்கு ஒவ்வாததைச் சிறுவருக்கு விலக்குங்கள். வளர்ந்தவரோடு உடனமர்ந்து பாருங்கள். முடிந்ததும் பேசுங்கள்: “இதில் எது தந்திரம்? எது உண்மை? இவர் உண்மையில் யார்?”

மற்றொன்றும் செய்யலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். தாத்தாவின் கல்லறையில் புல் களைந்து, சுண்ணாம்பு பூசி, பூவும் மெழுகுதிரியும் வைக்கச் சொல்லுங்கள். இங்கே உறங்குவோர் நம்மைத் துரத்துபவர் அல்லர், நம் செபத்துக்காகக் காத்திருப்பவர் என்று கூறுங்கள். இறந்தோருக்காக யூதா மக்கபே செபித்த செய்தியைச் சொல்லுங்கள். விடுமுறையில் ஒரு நாள் கோவளம் சென்று, கார்மேல் அன்னையை வணங்கி, அவ்வாலயத்தை எழுப்பிய மனிதரின் ஆன்மா இளைப்பாற்றிக்காகவும் ஒரு செபம் சொல்லி வாருங்கள்.

தொடக்கத்தில் கண்ட அச்சிறுமியை அழவிட்டு வந்துவிட்டோம் அல்லவா? தாய் அவளை அதட்டவில்லை. கோயிற்பிள்ளையிடம் சாவி வாங்கிவந்து பொருளறையைத் திறந்தாள். சன்னலைத் தள்ளியதும் வெயில் உள்ளே பாய்ந்தது. மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி நின்றது ஒரு பழைய சூசையப்பர் சுரூபம். மூக்கு நுனி உடைந்திருந்தது. கையிலிருந்த லீலி மலரில் தூசி படிந்திருந்தது.

சிறுமி சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் பாவாடை நுனியால் அந்தத் தூசியைத் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறும் அவள் கோயிலுக்கு வந்தாள்.