ஜூம் லென்ஸா, பிரைம் லென்ஸா? – ஒரு கார்த்திகை மாதத்துப் பாடம்

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிமனைகளிலும் தண்டவாளத்திலும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் கையில் எடுத்த பொழுதுபோக்குதான் கேமரா. 'ஜூம் லென்ஸ் வாங்கலாமா, பிரைம் லென்ஸ் வாங்கலாமா?' என்று நம் சங்க நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

என் அக்காவைக் கொடுத்த ஊர் திருச்சானூர். திருப்பதியிலிருந்து சுமார் 5 கி.மீ. கார்த்திகை மாதத்தில் பத்மாவதித் தாயாருக்கு ஒன்பது நாள் பிரம்மோற்சவம். ஐந்தாம் நாள் இரவு கஜ வாகனம். கடைசி நாள் பத்மசரோவரத்தில் பஞ்சமி தீர்த்தம். அன்றைக்கு ஊர் கொள்ளாத கூட்டம். நாங்கள் குடும்பத்தோடு அக்கா வீட்டில் கூடுவது வழக்கம்.

சில வருடங்களுக்கு முன், மகன் வாங்கித் தந்த புதுக் கேமராவுடன் போனேன். அதோடு வந்தது 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். என்னிடம் 50 மி.மீ. பிரைம் லென்ஸ் ஒன்றும் இருந்தது. 'ஜூமிலேயே 50 அடங்கியிருக்கிறதே, இது எதற்குச் சுமை?' என்று அதை பீரோவிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். அங்கேதான் தவறினேன்.

பகலில் ஜூம் அருமையாக வேலை செய்தது. மாட வீதியில் கூட்டம் நெருக்கும்போது ஓர் அடி முன்னே போக முடியாது, பின்னே வர முடியாது. நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருப்பினால், முழு வாகனமும் கிடைத்தது, குடை பிடிப்பவர் முகமும் கிடைத்தது. கோவிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை, எடுத்ததெல்லாம் வீதியில்தான்.

அன்று மாலை அக்காவும் மாமாவும் திண்ணையில் அகல் விளக்கு ஏற்றினார்கள். மாமா திரியைத் தூண்ட, அக்கா எண்ணெய் ஊற்ற, விளக்கு வெளிச்சம் இருவர் முகத்திலும். நாற்பது படம் எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், விளக்குகள் தெளிவாக இருந்தன, முகங்கள் இல்லை. அக்கா பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, எங்க மூஞ்சி கலங்கின குளத்துல தெரியற மாதிரி இருக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வருஷம் நன்றாக எடுக்கலாம் என்றேன்.

காரணம் எளிய கணக்குதான். எஃப் எண் என்பது, லென்ஸின் குவியத் தூரத்தை ஒளி நுழையும் வாசலின் விட்டத்தால் வகுத்து வருவது. என் ஜூமில் 50 மி.மீ. வைத்தால் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6. அதாவது வாசல் சுமார் 9 மி.மீ. பிரைம் லென்ஸிலோ எஃப் 1.8. வாசல் சுமார் 28 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி. ஜூமில் 1/8 விநாடி திறந்து வைக்க வேண்டிய ஷட்டருக்கு, பிரைமில் 1/80 விநாடி போதும். 1/8 விநாடிக்குள் மனிதர் தலையை அசைத்துவிடுவார். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். எதிரே இருப்பவர் அசைவதை அடக்காது. ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள்.

தெளிவுக்கும் இதே கதைதான். பணிமனையில் ரிங் ஸ்பானரும் உண்டு, ஸ்க்ரூ ஸ்பானரும் உண்டு. ரிங் ஸ்பானர் ஒரே அளவு நட்டுக்குத்தான். ஆனால் கச்சிதமாகக் கவ்வும். ஸ்க்ரூ ஸ்பானர் எல்லா நட்டுக்கும் பொருந்தும். ஆனால் கொஞ்சம் ஆடும். ஜூம் லென்ஸும் அப்படித்தான். பல தூரங்களுக்கும் ஒத்துப்போக, உள்ளே பத்துப் பன்னிரண்டு கண்ணாடிகள் நகர வேண்டும். எனவே 18-இல் நேர்கோடுகள் வெளிப்புறம் சற்றுப் பிதுங்கும். படத்தின் ஓரங்கள் மங்கும். சாதாரண 50 மி.மீ. லென்ஸில் ஆறேழு கண்ணாடிகளே. ஒரே வேலைக்குச் செய்ததால் அதைச் சரியாகச் செய்கிறது.

ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்பட மேதை, வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸை வைத்தே நடத்தினார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்தவர் அவரே. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியிட்ட 'பாரி லிண்டன்' படத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகளுக்கு எஃப் 0.7 திறப்புள்ள 50 மி.மீ. ஸைஸ் பிரைம் லென்ஸைப் பயன்படுத்தினார்.

ஜூமைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தண்டவாளத்தில் நடந்து போகும்போது ஒரே ஒரு ஸ்பானர்தான் எடுத்துப் போக முடியும் என்றால், நான் ஸ்க்ரூ ஸ்பானரைத்தான் எடுப்பேன். பகல் வெளிச்சத்தில் எஃப் 8 வைத்து எடுத்தால், இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம். எஃப் 2.8 திறப்புள்ள உயர்தர ஜூம்கள் பிரைமுக்குச் சளைத்தவை அல்ல. விலையும் எடையும்தான் நம்மைப் போன்றவர்களுக்குத் தாங்காது. ஆகவே பயணத்துக்கும் திருவிழாவுக்கும் ஜூம். வீட்டுக்குள், விளக்கொளியில், மனித முகத்துக்கு விலை மலிவான 50 மி.மீ. பிரைம். இரண்டும் இருந்தால் பையில் இரண்டையும் வையுங்கள்.

அந்தத் தை மாதம் மாமா காலமானார். அடுத்த கார்த்திகைக்கு பிரைம் லென்ஸோடு போனேன். அதே திண்ணை, அதே அகல்கள். அக்கா மட்டும் தனியாக விளக்கேற்றினாள். படம் கண் இமை முடி வரை தெளிவாக வந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "உன் மாமாவையும் இப்படி ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதாடா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மங்கலான நாற்பதில் ஒன்றைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். உங்கள் பீரோவில் சும்மா கிடக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால், அடுத்த விசேஷத்துக்கு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.